பெத்லகேம் கிணற்றுத் தண்ணீர்

தியானப் பகுதி: 2 சாமுவேல் 23:13-17

  

இந்த மாதம் உங்களோடு ஒரு தாகத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அறுப்புக் காலம். தாவீது அதுல்லாம் கெபியில் ஒளிந்திருக்கிறான். சொந்த ஊரான பெத்லகேமில் பெலிஸ்தர் தாணையம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சிறுவயதில் குடித்த கிணற்றுத் தண்ணீர் தாவீதுக்கு ஞாபகம் வருகிறது. அந்தத் தண்ணீரை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் எப்படி இருக்கும் என்று ஏங்குகிறான். கட்டளையிடவில்லை, ஏக்கத்தை மாத்திரம் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேர் சத்துருவின் பாளயத்துக்குள் புகுந்து, தண்ணீர் மொண்டு, உயிரோடு திரும்பி வந்தார்கள். தாவீதோ அதைக் குடிக்கவில்லை. கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான்.

ஏன் ஊற்றினான்? எத்தனையோ முறை இந்தப் பகுதியைப் பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் அம்பகரத்தூரில் நம்முடைய சபைச் சகோதரர் ஒருவருடைய தாகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. அவர் பெயரை எழுத வேண்டாம் என்றார். நடந்ததை எழுதலாம் என்று அவரும் அவருடைய அக்காளும் அனுமதி கொடுத்தார்கள்.

அவர் டாடா ஏஸ் வண்டி ஓட்டுகிறவர். அறுவடை நாட்களில் களத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றுவார், மற்ற நாட்களில் கிடைக்கிற சுமை. இரண்டு பெண் பிள்ளைகள். 2018 ஜூலையில் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. காரைக்காலில் காட்டியபோது, இரத்தக் கொதிப்பு சத்தமில்லாமல் இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது என்றார்கள். அப்போது அவருக்கு 36 வயது.

தேவ பிள்ளைகளே, நம் தேகத்தை தேவன் எவ்வளவு ஞானமாய் உருவாக்கியிருக்கிறார் தெரியுமா? கைமுட்டி அளவே உள்ள இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. வேண்டியதைத் திரும்ப உடம்புக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றரை இரண்டு லிட்டரை மாத்திரம் கழிவாக வெளியே தள்ளுகின்றன. அது நின்றுபோனால் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கி நுரையீரலை அடைத்துவிடும். வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம், டயாலிசிஸ் மிஷினில் படுத்து எழும்ப வேண்டும். தண்ணீரையும் அளந்துதான் குடிக்க வேண்டும். கூட்டத்துக்கு வரும்போது அந்தச் சகோதரர் வாயில் ஒரு ஐஸ் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பாஸ்டர், காவேரித் தண்ணி பாயுற ஊர்ல பொறந்துட்டு ஒரு சொம்புத் தண்ணி குடிக்க முடியலையே" என்று ஒரு நாள் அழுதுவிட்டார்.

டாக்டர் சொன்னார்: "மாற்றுக் கிட்னி வைத்தால் நல்லது. குடும்பத்தில் யாராவது தருவார்களா பாருங்கள்."

நாம் என்ன செய்தோம்? ஜெபித்தோம். நாற்பது நாள் உபவாச ஜெபம். "கர்த்தாவே, ஒரு கிட்னியைத் தாரும்" என்று அறுபது பேர் முழங்காலில் நின்று கதறினோம். அறுபது பேருக்குள்ளும் நூற்றுக்கு மேல் கிட்னி இருந்தது. அதை ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. ஜெபம் வீண் என்று சொல்லவில்லை. என் கர்த்தர் அற்புதம் செய்கிறவர். ஆனாலும் நாம் ஜெபித்த விதத்தில் ஒரு கள்ளம் இருந்தது.

1. கிணறு காவலுக்குள் இருந்தது

முதலில் இரத்தம் பார்த்தார்கள். சகோதரருக்கு ஓ குரூப். ஓ குரூப்காரர் மற்ற எவருக்கும் கொடுக்கலாம், ஆனால் வாங்குவது ஓ குரூப்பிலிருந்துதான். குரூப் பொருந்தாமலும் பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்போது மாற்றுகிறார்கள், ஆனால் செலவும் சிக்கலும் அதிகம். மனைவிக்கு பி குரூப். தாயாருக்குச் சர்க்கரை, ஆகவே கொடுக்கக் கூடாது என்றார்கள். தகப்பனார் இல்லை.

அக்டோபர் மாதத்தில் ஒரு ஆள் வந்தான். ஆறு லட்சம் கொடுத்தால் ஆள் தயார், உறவினர் என்று காகிதம் தயார் செய்வது என் பொறுப்பு என்றான். சபையில் சிலர் மகிழ்ந்து, "பாஸ்டர், கர்த்தர் திறந்த வாசல் இது. விசேஷித்த காணிக்கை எடுப்போம்" என்றார்கள். அன்று ராத்திரி நானும் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

பிறகு விசாரித்தேன். 1994ஆம் வருஷத்து மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். 2011 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து முதல் பத்து வருஷம் சிறை, இருபது லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். சட்டத்துக்கு மாத்திரம் பயந்தேன் என்று நினைக்காதிருங்கள். விற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று படித்தபோது என் உள்ளம் உடைந்தது. 2001ல் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்து விசாரித்தார்கள். அது அடுத்த வருஷம் அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகும் முக்கால்வாசிப் பேருக்குக் கடன் தீரவில்லை. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. நூற்றுக்கு 86 பேர் உடல்நலம் கெட்டுவிட்டது என்றார்கள். 2004 சுனாமியில் வீடிழந்து சென்னை எர்ணாவூரில் குடியேற்றப்பட்ட பெண்கள் பலர் வறுமையால் கிட்னி விற்றது 2007ல் பத்திரிகைகளில் வந்தது. காரைக்கால் கடற்கரையில் அந்த அலையைக் கண்ட நாம், அப்படிப்பட்ட ஒரு தாயின் வயிற்றைக் கிழித்து வாங்கியதை "கர்த்தர் தந்தார்" என்று மேடையில் சாட்சி சொல்ல முடியுமா?

அந்த ஆளை அனுப்பிவிட்டோம். சிலர் என்மேல் வருத்தப்பட்டார்கள். அடுத்த மாதம், நவம்பர் 16ஆம் தேதி, கஜா புயல் கரையைக் கடந்தது. மின்சாரம் இல்லை, ரோட்டில் மரங்கள். சகோதரருக்கு ஒரு டயாலிசிஸ் தவறிவிட்டது. மூச்சுத் திணறின அவரைத் தூக்கிக்கொண்டு போகிறபோது அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

2. போனவர்கள் தாங்களே போனார்கள்

அவருக்கு ஒரு தங்கை உண்டு. 26 வயது. தை மாதம் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பிள்ளைக்கும் ஓ குரூப். வீட்டார் பேசினார்கள், அழுதார்கள். அவள் வாய் திறக்கவில்லை. கடைசியில் தாயார் என்னிடம் வந்து, "பாஸ்டர், நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா" என்றார்கள்.

நான் வேதத்தை எடுத்துக்கொண்டு போனேன். தியாகத்தைக் குறித்து, அன்பைக் குறித்து, வசனம் வசனமாகப் பேசினேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்தபோது நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஐயா, உங்க ரத்தம் என்ன குரூப்?"

எனக்கும் ஓ குரூப்தான் பிரியமானவர்களே. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது போல் எழும்பி வந்துவிட்டேன்.

இரண்டு ராத்திரி தூங்கவில்லை. என் மனைவியிடம் சொன்னேன். அவள், "டெஸ்ட் பண்ணிப் பாருங்க. பண்ணாம இருந்தா இனிமே அந்தப் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பீங்க?" என்றாள். உறவினர் அல்லாத ஒருவர் கொடுப்பதானால், அதற்கென்று அரசு அமைத்த குழு விசாரித்து, பணம் கைமாறவில்லை என்று கண்டு அனுமதி கொடுக்க வேண்டும். அந்த அளவுக்கு என் காரியம் போகவில்லை. முதல் பரிசோதனையிலேயே எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. நான் கொடுக்க முடியாது. உண்மையைச் சொல்லுகிறேன்: அந்த ரிப்போர்ட்டைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து வெட்கப்பட்டேன். அப்போதுதான் அந்தத் தங்கையின் மௌனம் எனக்குப் புரிந்தது. போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ கொடுக்காதது பாவமில்லை மகளே. உன்னை நெருக்கினதுதான் பாவம்" என்றேன்.

1954ஆம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 1ஆம் தேதி நம்முடைய காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவோடு சேர்ந்தது. அதே வருஷம் டிசம்பர் 23ஆம் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில், ரொனால்ட் ஹெரிக் என்பவர் தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்கு ஒரு கிட்னியைக் கொடுத்தார். உலகத்தில் வெற்றி பெற்ற முதல் கிட்னி மாற்று அதுதான். ஆபரேஷன் செய்த டாக்டர் ஜோசப் மரே 1990ல் நோபல் பரிசு பெற்றார். சுகமாயிருக்கிற ஒருவனைக் கத்தியால் வெட்டுவது நியாயமா என்று அந்த டாக்டர்கள் கலங்கி, பல சபைகளின் போதகர்களிடமும் ஆலோசனை கேட்டார்களாம். முந்தின ராத்திரி ரிச்சர்ட், நீ வீட்டுக்குப் போய்விடு என்று தம்முடைய சகோதரருக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். நான் இங்கேதான் இருப்பேன் என்று ரொனால்ட் பதில் சீட்டு அனுப்பினார். பாருங்கள், வாங்குகிறவன் விடுதலை கொடுத்தான், கொடுக்கிறவன் தானாக நின்றான். நம் நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1971ல் இந்த வேலை தொடங்கிற்று. இன்று புதுச்சேரி ஜிப்மரிலும் செய்கிறார்கள்.

நம் தேசத்தில் உயிரோடிருந்து கொடுக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இது எல்லாம் அன்பினால்தானா? கொடுப்பவர் பெண்ணானால் அதிக எச்சரிக்கை வேண்டும், அவள் சம்மதத்தை நோயாளி அல்லாத வேறொருவர் மூலம் உறுதி செய்ய வேண்டும் என்று 2014 விதிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டத்துக்குத் தெரிந்தது ஊழியக்காரனாகிய எனக்குத் தெரியாமல் போயிற்று.

3. அது வெறும் தண்ணீர் அல்ல

எனக்குச் சர்க்கரை என்று சொல்லப் போன நாளில் சகோதரரைக் கேட்டேன்: "உங்களுக்கு வேறு யாருமே இல்லையா?" வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "ஒரு அக்கா இருக்கு பாஸ்டர். பேரளத்துல" என்றார்.

ஐந்து மாதம் ஜெபித்திருக்கிறோம். அக்காள் ஒருத்தி இருப்பதையே நான் அறியேன்! மெதுவாகச் சொன்னார். தகப்பனார் விட்டுப்போனது நாலு மா நிலம். தாய்க்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு மா. 2007ல், "கடன் வாங்கணும், ஒரு கையெழுத்துப் போடுக்கா" என்று சொல்லி அக்காளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். பின்னால் தெரிந்து அந்த அம்மாள் வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனார்கள். பதினோரு வருஷமாய்ப் பேச்சில்லை. இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் எடுத்து, சாட்சி சொல்லி, அந்த ஒரு மாவை மாத்திரம் வைத்துக்கொண்டிருந்தார். கிணற்றைச் சுற்றி நின்ற காவல் எது என்று இப்போது தெரிகிறதா?

"அக்காகிட்ட கேக்கட்டுமா பாஸ்டர்? நெலத்தை எழுதிக் குடுத்துட்டுக் கேக்கட்டுமா?" என்றார். எனக்குத் திக்கென்றது. நிலத்தைக் கொடுத்துக் கிட்னி கேட்டால் அதுவும் வியாபாரம் அல்லவா? ஆறு லட்சக்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? நான் சொன்னேன்: "நிலம் அவர்களுடையது. அதைத் திருப்பிக் கொடுங்கள், காலில் விழுந்து மன்னிப்புக் கேளுங்கள். கிட்னியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வாருங்கள்." சகேயு இயேசுவை வீட்டில் ஏற்றுக்கொண்டபோது, எதையும் எதிர்பார்த்தா அநியாயமாய் வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தான்?

2019 ஜனவரியில் அக்காளுக்கு ஒரு மா, தங்கைக்கு ஒரு மா, இரண்டையும் எழுதி ரிஜிஸ்தர் செய்தார். பத்திரத்தை எடுத்துக்கொண்டு நானும் அவரும் பேரளம் போனோம். அந்த அம்மாள் பத்திரத்தைப் பார்க்கவில்லை. தம்பியின் கையில் ஊசி போட்டுப் புடைத்திருந்த நரம்பைப் பார்த்தார்கள். காபி கொடுத்தார்கள். நாங்கள் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டோம்.

இரண்டு மாதம் சென்றது. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர்களே பஸ் ஏறி வந்து இறங்கினார்கள். "தம்பி, என் ரத்தமும் ஓ பாசிட்டிவ்தான். ரெண்டாவது பிரசவத்துல சொன்னாங்க. எங்க வந்து பாக்கணும் சொல்லு" என்றார்கள்.

நான் குறுக்கிட்டேன்: "அம்மா, நிலத்துக்காக நீங்கள்..." அவர்கள் முடிக்கவிடவில்லை. "அது எங்க அப்பா வீட்டுது ஐயா. எனக்குப் பட்ட கடனை அவன் திருப்பினான். இது நான் குடுக்கறது."

சகோதரரே, சகோதரியே, இதைவிட நல்ல பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. அந்த அம்மாள் நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவர்களும் அல்ல.

ஆஸ்பத்திரியில் நிலத்தின் விஷயத்தை மறைக்காமல் சொன்னோம். அந்த அம்மாளைத் தனியே வைத்து, யாராவது நெருக்கினார்களா என்று கேட்டார்கள். ஆபரேஷன் மேஜைக்குப் போகிற நிமிஷம் வரைக்கும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு என்றார்கள். ஆபத்தையும் ஒளிக்கவில்லை. கொடுப்பவர்களில் உயிருக்கு ஆபத்து நேர்வது பத்தாயிரத்தில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை. அபூர்வம்தான், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. மீந்திருக்கிற ஒரு கிட்னி இரண்டின் வேலையில் பெரும்பங்கைச் செய்யும். ஆனாலும் ஆயுள் முழுவதும் வருஷத்துக்கு ஒருமுறை இரத்தக் கொதிப்பும் சிறுநீரும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளை பெற வேண்டிய வயதுப் பெண்ணானால் பின்னால் கர்ப்ப காலத்தில் கொதிப்பு வரும் வாய்ப்பு கூடும் என்றும் சொன்னார்கள். அந்தத் தங்கையை நினைத்துக்கொண்டேன்.

2019 ஜூலையில் புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. கர்த்தருக்கு மகிமை! புதுக் கிட்னியை அடிவயிற்றில் ஒரு பக்கத்தில் வைத்தார்கள். மேஜையிலேயே சிறுநீர் வந்தது என்றார் டாக்டர். சில நாள் கழித்து நர்ஸ் வந்து, "இனிமே நல்லா தண்ணி குடிக்கணும்" என்றார். சகோதரர் டம்ளரைக் கையில் வாங்கினார். குடிக்கவில்லை. பக்கத்து வார்டில் இருந்த அக்காளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சக்கர நாற்காலியில் அவர்களைக் கொண்டுவந்த பிறகுதான், அழுதுகொண்டே குடித்தார்.

தாவீது ஏன் ஊற்றினான் என்று அன்று எனக்குப் புரிந்தது. உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்ததைச் சாதாரணத் தண்ணீராய் எண்ணிக் குடித்துவிட்டுப் போக அவனால் முடியவில்லை. அதைப் பெற்றுக்கொள்ளத் தான் தகுதியில்லை என்று உணர்ந்தான்.

பிறகு நம்மில் சிலர், "அந்த அம்மா இனிமே சபைக்கு வருவாங்களா பாஸ்டர்?" என்று கேட்டீர்கள். அவர்கள் இரட்சிப்புக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் ஒன்று சொல்லுகிறேன். கிட்னியை விலைக்கு வாங்கக் கூடாது என்று கற்றுக்கொண்டவர்கள், கொடுத்த கிட்னிக்குப் பதிலாக அவர்கள் ஆத்துமாவைக் கேட்கலாமா? நமக்கு ஒரு கடமை உண்டு. ஒவ்வொரு வருஷமும் அவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிற பொறுப்பைத் தம்பி ஏற்றிருக்கிறார். நோயாளியை எல்லாரும் விசாரிப்பார்கள். கொடுத்தவரை மூன்றாம் மாதம் மறந்துவிடுவார்கள். அது நம்மிடத்தில் இருக்கக் கூடாது.

தேவ பிள்ளைகளே, உங்கள் வீட்டில் இப்படியொரு பாரம் உண்டா? மறைக்காதிருங்கள், தாவீதைப்போல ஏக்கத்தை வாய்திறந்து சொல்லுங்கள். யார் மனதைக் கர்த்தர் ஏவுவார் என்று நமக்குத் தெரியாது. நெருங்கிய உறவினரானால் சட்டத்தின் வழி எளிது. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரப் பிள்ளைகள் அதில் அடங்குவார்கள். குரூப் பொருந்தாத இரண்டு குடும்பங்கள் ஒருவருக்கொருவர் மாற்றிக் கொடுத்துக்கொள்ளவும் 2011 திருத்தத்தின்படி இடமுண்டு. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறுவதற்கும் ஆஸ்பத்திரி மூலம் பெயர் பதிந்து வையுங்கள். தரகனை வாசலில் ஏற்றாதிருங்கள். "முடியாது" என்றவரை நியாயந்தீர்க்காதிருங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டியது ஏதாவது உங்கள் கையில் இருந்தால், கேட்பதற்கு முன்னே, கேட்கிற எண்ணமும் இல்லாமல், அதைக் கொடுத்துவிடுங்கள்.

இன்று அந்தச் சகோதரர் மறுபடியும் வண்டி ஓட்டுகிறார். காலையும் மாலையும் தவறாமல் மாத்திரை போடுகிறார். அது ஆயுசுக்கும் உண்டு. மாத்திரை விசுவாசத்துக்கு விரோதம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். வண்டியில் எப்போதும் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் இருக்கும். பேரளம் பக்கம் லோடு போனால் அக்காள் வீட்டில் நிறுத்தி அதை நிரப்பிக்கொண்டு வருகிறார்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் கையில் இருப்பதை மறைத்துக்கொண்டு உம்மிடத்தில் கேட்ட ஜெபங்களை மன்னியும். டயாலிசிஸ் படுக்கைகளில் தாகத்தோடிருக்கிறவர்களை நினைத்தருளும். கொடுத்தவர்களின் சரீரத்தைக் காத்துக்கொள்ளும், கொடுக்கப் பயப்படுகிறவர்களைத் தேற்றும். வறுமையினால் தங்கள் சரீரத்தை விற்றவர்களுக்கு நியாயம் செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர், அம்பகரத்தூர்